துணைவனை நீக்கப் போனவர்

முருகம்மாளின் முகம் புருவத்தில் தொடங்கி மூக்கில் முடிந்தது. அதற்கு மேலும் கீழும் பட்டைகள்.

கீழக்கரையில் பாக்கர் நடத்திய பிரவுசிங் சென்டரில், கடைசித் தடுப்புக்குள் உட்கார்ந்து இருளாண்டி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உத்தரகோசமங்கைப் பக்கம் ஒரு கிராமம். மிளகாய்க் காட்டில் வேலை. மனைவி முருகம்மாள் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், பிள்ளை பார்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுச் சிறுமி தன் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் அவளுக்குக் கொடுப்பாள். அதற்காக இருளாண்டி வாராவாரம் பஸ் ஏறி வருவார்.

அவள் போன புதிதில் முழு முகமும் தெரிந்தது. பிறகு திரையின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை வந்து உட்கார்ந்தது. அதில் ‘துணைவன்’ என்று எழுதியிருந்தது. துணைவன் தனியாக வந்தவன்தான். ஆனால் ஒரு மாதத்துக்குள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டான். தங்க விலை சொல்லும் பட்டை வந்தது. ராசிபலன் பட்டை வந்தது. மழை வருமா என்று சொல்லும் பட்டை வந்து, ராமநாதபுரத்தில் கனமழை என்று கோடை முழுக்கச் சொன்னது. தேவையில்லாத பட்டைகளைச் சுத்தம் செய்வதாக ஒரு பட்டை வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அகலமாக இருந்தது.

“ஒப்பந்த நாளு முடியப் போகுதுல்ல,” என்றாள் முருகம்மாள். வாய் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. “இன்னும் ரெண்டு வருசம் இருக்கியான்னு கேக்குறாக. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணும். நீங்க என்ன சொல்றீய?”

“நீ என்ன சொல்ற?”

“இருன்னா இருக்கேன். வான்னா வாரேன்.”

“அங்கன நல்லா இருக்கியா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“நல்லான்னா?”

“நல்லான்னா நல்லாத்தான். வேறென்னத்தச் சொல்ல?”

இருளாண்டிக்குக் குரலை நம்பப் பழக்கமில்லை. முருகம்மாள் காய்ச்சலோடு நாற்று நட்ட அன்றும் இதே குரலில்தான் நல்லா இருக்கேன் என்றாள். முகத்தைப் பார்த்துத்தான் அவர் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

“ஒன் மூஞ்சி முழுசாத் தெரியட்டும். பாத்துட்டுச் சொல்றேன்.”

“இங்கனயும் பட்டைதான். எனக்கும் ஒங்க நெத்தி மட்டுந்தான் தெரியுது. தலைக்கு எண்ணெய் வைக்கிறதில்லையா? ஒங்க மூஞ்சி தெரிஞ்சா நான் கேக்கவே மாட்டேன். நானே முடிவு பண்ணிக்கிருவேன்.”

இருவருக்கும் நடுவே இருந்த தங்க விலை மாறியது. லேப்டாப்பைத் திருப்பிக் கேட்டார்கள். புருவமும் மூக்கும் அணைந்தன.

இருளாண்டி பாக்கரிடம் போய் நின்றார்.

“நான் பாக்காத வைத்தியம் இல்லண்ணே,” என்றார் பாக்கர். “ஃபார்மட் அடிச்சாச்சு. கேமரா சாஃப்ட்வேர மறுபடி போட்டா கூடவே வந்து உக்காந்துருது. அது ஓசி சாஃப்ட்வேர். துணைவனையும் சேத்துக் கட்டிக்கிட்டாத்தான் ஓடும். ராம்நாடு பூரா எல்லா சென்டர்லயும் இதே கதைதான்.”

“நீக்குன்னு ஒண்ணு இருக்கே, அத அமுக்குனா?”

“அமுக்குனா ‘எங்களை விட்டுப் போறீங்களா’ன்னு ஒரு நாய்க்குட்டி வந்து அழுவுது. எம் மக பக்கத்துல நின்னு பாத்துட்டு அதுவும் சேந்து அழுதுச்சு. அதுலேருந்து நான் அமுக்குறதில்ல.”

“எவன் செய்யிற வேல இது? அமெரிக்காக்காரனா?”

“அமெரிக்காவா? ராமேஸ்வரம் போற வழியில, நம்ம உச்சிப்புளிண்ணே.”

இருளாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“உச்சிப்புளில இருந்துகிட்டா இந்தப் பாடு படுத்துறான்? நேர்ல போயி நின்னாத் தீந்துச்சு.”

எரிந்துபோன டிரான்ஸ்பார்மர், கோபித்துக்கொண்டு போன மருமகன், வராத ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் அந்த மாவட்டத்தில் ஒரே வழிதான். நேரில் போய் நிற்பது. சாஃப்ட்வேரிடம் அதுவரை யாரும் முயன்று பார்க்கவில்லை. பாக்கர் கடைசித் தடுப்பின் சி.பி.யு.வைக் கழற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை இருளாண்டி அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பை குண்டு மிளகாயும் எடுத்துக்கொண்டார்.

“அதென்னய்யா மடியில?” என்றார் கண்டக்டர்.

“கம்ப்யூட்டர்.”

“டிவிப் பொட்டி எங்க?”

“அது நல்லா இருக்கு. இதுக்குத்தான் சொகமில்ல.”

“அப்ப பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கிக்கிருங்க.”

துணைவன் டெக்னாலஜீஸ், உச்சிப்புளி தாண்டி, சீமைக்கருவேலத்தை வெட்டிய பொட்டலில் நின்றது. நான்கு பக்கமும் கண்ணாடி. கடலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று கட்டியது. உப்புக் காற்றில் கண்ணாடி வெளுத்துவிட்டதால் உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது. பக்கத்துத் தளத்திலிருந்து கடற்படை விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் கட்டடம் ஒரு முறை நடுங்கி நின்றது.

வாயிற்கதவு விரியத் திறந்திருந்தது. காவலாளி ராக்கப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள போகலாமாய்யா?”

“போங்க. உள்ள போறதுக்கு இங்கன யாரும் எதுவும் கேக்க மாட்டாக.”

“கையெழுத்து ஏதும்?”

“அது வெளிய போறப்ப.” ராக்கப்பன் எழுந்து, இருளாண்டியின் தலையில் ஒரு மஞ்சள் தொப்பியை வைத்து அமுக்கினார்.

“இது எதுக்கு?”

“கேட்டத் தாண்டுனா தொப்பிக்குச் சம்மதிச்ச மாதிரி. அந்தாக்குல எழுதியிருக்கு பாருங்க.”

கேட் தூணின் அடியில், கணுக்கால் உயரத்தில், கசகசா அளவு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. இருளாண்டி குனிந்தார். தொப்பி விழுந்தது. ராக்கப்பன் எடுத்து மறுபடி வைத்தார்.

வரவேற்பில் உமையாள் என்ற பெண் இருந்தாள். “வணக்கம். துணைவனைப் பெற வந்திருக்கிறீர்களா, கூடுதல் துணைவனைப் பெற வந்திருக்கிறீர்களா?”

“நீக்க வந்திருக்கேன் தாயி.”

அவள் முகம் மாறவில்லை. அந்தச் சொல் காதில் விழாமல் இருப்பதற்கு அவளுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். “கூடுதல்,” என்று தட்டினாள். பிறகு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சாவிக்கொத்து, துணைவனின் முத்திரையான மஞ்சள் உருண்டை அச்சடித்த ஒரு பை, ஒரு சிறு குடை ஆகியவற்றை அவரிடம் கொடுத்தாள். சி.பி.யு.வை ஏந்திய கையில் இடமில்லை. குடையைக் கக்கத்தில் செருகிவிட்டாள்.

“வேண்டாந்தாயி.”

“பரவாயில்லை சார்.”

குருநாதன் என்ற இளைஞர் வந்து அழைத்துப்போனார். நீக்க விரும்புகிறவர்களைக் கவனிக்கும் பிரிவாற்றுத் துறைக்கு அவர் தலைவர். இருளாண்டி மிளகாய்ப் பையை நீட்டினார். “எதுக்குண்ணே இதெல்லாம்,” என்றார் குருநாதன். இருளாண்டி மறுபடி நீட்டினார். “அய்யோ வேண்டாம்,” என்று சொல்லி வாங்கிக்கொண்டார். “மொதல்ல சாப்புடுவோம், வாங்க.”

“சாப்புட்டுத்தான் வந்தேன் தம்பி.”

கேன்டீனில் இலை போட்டார்கள். இருளாண்டி போதும் என்றார், சோறு விழுந்தது. போதும் என்றார், குழம்பு விழுந்தது. இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தார். பரிமாறுகிறவர் புறங்கையில் ஒரு வடையை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

“தப்பா எடுத்துக்கிறாதீங்க,” என்றார் குருநாதன். “இதுதான் எங்க சாஃப்ட்வேரோட அடிப்படையே. நம்ம ஊர்ல மொத தடவ வேண்டாம்னா அது மரியாதைக்கு. ரெண்டாவது வேண்டாம் வெக்கத்துக்கு. அதக் கேட்டுட்டு எந்த வீட்லயாச்சும் பரிமாறாம விடுவாங்களா? மூணாவது தடவையும் சொன்னாத்தான் கொஞ்சம் யோசிக்கணும். துணைவனும் அப்பிடித்தான். மூணு தடவ நீக்கு அமுக்குனா கொஞ்சம் யோசிக்கும்.”

“யோசிச்சு?”

“இன்னொரு பட்டை வைக்கும்.”

பிரிவாற்றுத் துறையில் வரிசை வரிசையாகப் பையன்களும் பெண்களும் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். நீக்குவதற்கு வழி கேட்டு உலகம் முழுவதிலிருந்தும் கூப்பிடுகிறவர்களுக்கு அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். வழி சொல்வது வேறு துறை. அந்தத் துறைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

இருளாண்டி நின்றுவிட்டார். எல்லாத் திரைகளும் வெட்ட வெளியாக இருந்தன. ஒன்றில்கூட ஒரு பட்டை இல்லை.

“ஒங்க பொட்டியில எல்லாம் துணைவனக் காணமே தம்பி?”

“நாங்க வேல பாக்கணும்லண்ணே.”

குருநாதன் அவரை உட்கார வைத்து, அலுவல் குரலுக்கு மாறினார். “நீங்கள் எங்களைப் பிரிய நினைப்பதன் காரணம் என்ன? அ. துணைவன் மிகவும் நல்லவன், நான் தகுதியற்றவன். ஆ. மகிழ்ச்சி தாங்க முடியவில்லை. இ. கை தவறி அமுக்கிவிட்டேன்.”

“எம் பொண்டாட்டி மூஞ்சி தெரியல.”

குருநாதன் மூன்றையும் ஒரு முறை படித்துப் பார்த்தார். இ என்று குறித்துக்கொண்டார்.

இருளாண்டி எல்லாவற்றையும் சொன்னார். குவைத், ரெண்டு வருஷம், வெள்ளிக்கிழமை. அவள் முகத்தைப் பார்த்தால்தான் வா என்பதா இரு என்பதா என்று தெரியும். அது தெரியாமல் வா என்றால், நல்ல இடத்தில் இருப்பவளைக் கெடுத்ததாகிவிடும். இரு என்றால், என்னவாகும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

சுற்றி இருந்த நான்கைந்து பேர் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, “இதை நாய்க்குட்டிக்குப் பதிலா வைக்கலாம் சார்,” என்றாள்.

“முகம் முழுசும் வேணுமாண்ணே?” என்றார் குருநாதன். “எது முக்கியம்னு சொல்லுங்க. வாயா?”

“வாயும்.”

“வாய விட்டுர்றோம். கண்ண நாங்க வச்சுக்கிறோம். ராசிபலன் அங்க நல்லாப் போகுது.”

“கண்ணும் வேணும் தம்பி.”

“தாடையாவது விட்டுக் குடுங்க.”

வரப்புத் தகராறு போல இது கொஞ்ச நேரம் நடந்தது. இருளாண்டி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்த முகமும் வேண்டும் என்றால் அதை நிர்வாக இயக்குநர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் குருநாதன். நல்லவேளையாக அன்று மத்தியானம் அவர் அரங்கில் ஊழியர்களிடம் பேசவிருந்தார்.

நிர்வாக இயக்குநர் ராமசுப்பிரமணியன் மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெங்களூரில் ஒரு பத்திரிகை துணைவனைத் தொற்றுநோய் என்று எழுதியிருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் பேசினார்.

“நண்பர்களே, நம்மை நோய் என்கிறார்கள். நோய் யாரிடமாவது அனுமதி கேட்குமா? நாம் கேட்கிறோம். ஒப்பந்தத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் கேட்கிறோம். மக்கள் படிக்காமலே ஒப்புக்கொள்கிறார்கள். அது நம்மீது அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. படித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். அதற்காக அவர்களைப் படிக்க விடாமல் தடுத்தோமா? இல்லை. எழுத்தைத்தான் சிறிதாக்கினோம்.”

கைதட்டினார்கள்.

“ஏன் சென்னையில் தொடங்கவில்லை என்று கேட்கிறார்கள். சென்னையில் கதவைத் தட்டினால் யார் என்று கேட்பான். நம் மாவட்டத்தில் வந்தவரை உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தவரை எழுந்து போ என்று சொல்ல இங்கே ஒருவருக்கும் வாய் வராது. அந்த நல்ல பண்பாட்டின் மீதுதான் இந்தக் கட்டடம் நிற்கிறது. கோடிக்கணக்கான பேர் நம்மை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். நீக்க முடியவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். முடியாமல் வைத்திருப்பதும் வைத்திருப்பதுதான்.”

விமானம் ஒன்று தாழப் போனது. இயக்குநரின் வாய் மட்டும் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. சரியான இடத்தில் கைதட்டல் எழுந்தது.

சத்தம் அடங்கியபோது அவர் இருளாண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். “நம் வரலாற்றில் நம்மைத் தேடி நேரில் வந்த முதல் பயனர். ஒரு விவசாயி. கணினியைக் குழந்தைபோல் மடியில் சுமந்து வந்திருக்கிறார். அவர் என்ன கேட்டாலும் செய்ய வேண்டும். நீக்கிக் கொடுங்கள்.”

அரங்கில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றைச் செய்து யாரும் பார்த்ததில்லை.

சி.பி.யு.வை மேடையில் வைத்துப் பெரிய திரையில் இணைத்தார்கள். பக்கத்தில் விளம்பரத் துறை நாகலெட்சுமி கேமராவோடு நின்றாள். “சிரிங்க ஐயா,” என்றாள். இருளாண்டிக்குச் சிரிக்க வரவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்தார். “அப்படி இல்லை. சிரிங்க.” அவர் வாயை மூடிக்கொண்டார்.

குருநாதன் தட்டினார். நாய்க்குட்டி வந்து அழுதது. அதைத் தாண்டிப் போனார். முதலில் மழைப் பட்டை போனது. ராசிபலன் போனது. தங்க விலை போனது. சுத்தம் செய்யும் பட்டை கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு அதுவும் போனது. ஒவ்வொன்றும் போகப் போகத் திரை மேலும் கீழும் விரிந்தது. கடைசியில் துணைவன் போனான். சுவர் அளவுக்குத் திரை வெறுமையாக, வெளிச்சமாக நின்றது.

அந்த இடம் ஒரு முழு முகத்துக்குப் போதும் என்று இருளாண்டிக்குத் தோன்றியது. நெற்றி அங்கன, வாய் இங்கன, தாடை அந்தாக்குல. அப்போது சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, தொப்பி நழுவ, தன்னை மறந்து சிரித்தார்.

கேமரா மின்னியது.

“இன்னொரு தடவை?” என்றாள் நாகலெட்சுமி.

அவருக்கு வரவில்லை. “பரவாயில்லை, ஒன்று போதும்,” என்றாள்.

வெளியே போகும்போது ராக்கப்பன் ஒரு தாளை நீட்டினார். இரண்டு பக்கமும் கசகசா எழுத்து. இருளாண்டி கையெழுத்துப் போட்டார்.

“படிச்சீயளா?”

“இல்ல.”

“யாரும் படிக்கிறதில்ல. நானும் வேலைக்குச் சேந்தப்பப் படிக்கல. போன தீபாவளிக்கே வேலய விட்டு நின்னுக்கிறேன்னு சொன்னேன். இன்னும் விடல.”

வெள்ளிக்கிழமை பாக்கர் கடைசித் தடுப்பில் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். திரை சுத்தமாக இருந்தது. “மாஷா அல்லா,” என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தடுப்பில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். “நேர்ல போயி வாங்கிட்டு வந்துட்டாரு பாருங்க மனுசன்!” இருளாண்டி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தார்.

கேமரா திறந்தது. முருகம்மாளின் முகம் நெற்றியிலிருந்து கழுத்து வரை தெரிந்தது.

கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. தாடையின் இடது பக்கத்தில், வெந்து ஆறிக் கறுத்த தழும்பு ஒன்று இருந்தது. மேலே கூராகவும் கீழே அகலமாகவும், இஸ்திரிப் பெட்டியின் முனை போல இருந்தது.

இருளாண்டிக்கு வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“வந்துரு,” என்றார்.

“என்ன, இன்னைக்கி எடுத்த எடுப்புலயே?” முருகம்மாள் சிரித்தாள். தழும்பு இழுபட்டது. “நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“ரெண்டு வருசத்துக்கு. நேத்து ராத்திரியே.”

“ஏண்டி? என்னயக் கேக்காம ஏண்டி போட்ட?”

“ஒங்க மூஞ்சியத்தான் பாத்துட்டேனே. நேத்து இந்தப் பாப்பா லேப்டாப்பத் தெறந்துச்சு, மேல மஞ்சப் பட்டையில நீங்க. தொப்பி வச்சுக்கிட்டு. பொய்யின்னு நெனச்சேன். கிட்டப் போயிப் பாத்தா நீங்கதான். நம்ம கல்யாணத்துலகூட நீங்க அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. நான் இல்லாமலே நல்லாத்தான் இருக்கீய. இந்த வாரம் எப்பிடியும் ஊருக்குப் போறேன்னு இவுககிட்டச் சொல்லிரணும்னு இருந்தேன். அப்புறம் நான் எதுக்கு வந்து பாரமா இருந்துகிட்டுன்னு போட்டுட்டேன்.”

“அது சிரிப்பு இல்லடி.”

“பின்ன என்னது?”

இருளாண்டி தாடையைப் பார்த்தார். “அங்கன என்ன, தாடையில?”

அவள் கை சட்டென்று தாடைக்குப் போனது. தன் முகம் முழுதும் அவருக்குத் தெரிகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. “இதுவா? ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

“போட்ட கையெழுத்த மாத்த முடியாதா?”

“அரபில சின்னச் சின்னதா என்னமோ இருந்துச்சு. நான் எங்கன கண்டேன்? கூப்புடுறாக, வைக்கவா?”

கையைத் தாடையிலிருந்து எடுக்காமலே அவள் எழுந்தாள். திரையில் ஒரு சுவரும் ஒரு கதவும் தெரிந்தன. பிறகு அவையும் போயின.

வெறுந்திரை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. உச்சியிலிருந்து ஒரு மஞ்சள் பட்டை மெதுவாக இறங்கியது. அதன் நடுவில் இருளாண்டி சிரித்துக்கொண்டிருந்தார். ‘துணைவனோடு நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

பாக்கர் பின்னால் வந்து நின்றார். “அண்ணே, இது நீங்களா? எப்ப எடுத்தாங்க?” அவர் மவுஸைப் பிடித்தார். “அமுக்கிப் பாக்கவா? நீக்கிருவோம்.”

“இருக்கட்டும்,” என்றார் இருளாண்டி.

தடுப்புக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். இருளாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார்.